தலை கிள்ளிய நெத்திலி

அரூர் சந்தையில் ஜான் பீயிடம் நெத்திலிக் கருவாடு வாங்கினால் வூட்டுக்குப் போய்ப் பொறுக்கிப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கடலூர்த் துறைமுகப் பக்கம் பிறந்து அரூருக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். கடல் ஓரிடத்தில் கறுத்து, பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தால் நெத்திலிக் கூட்டம் வந்துவிட்டதென்று கட்டுமரங்கள் வலையோடு ஜோடி ஜோடியாகப் பாய்வதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்த கண். நெத்திலிக்கு மூக்கு வாயைத் தாண்டி நீண்டிருக்கும், மத்தி என்கிற சாளையின் குஞ்சுக்கு அப்படி இருக்காது. இரண்டையும் கலந்து தள்ளிவிடப் பார்க்கிறவனை அவள் சும்மா விடமாட்டாள். வாய் அப்படி.

ஆனால் தலையைக் கிள்ளிக் காயவைத்த சரக்கு வந்தால் மென்றுதான் பார்க்க வேண்டும். சாளை என்றால் எண்ணெய்ச் சிக்கு வாடையடித்துக் கசக்கும். நோன்பு வைத்துக்கொண்டு பகலில் மெல்வது எப்படி? துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சிலர் சொன்னார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் ரமலான் முழுக்கப் பக்கத்தில் மிளகாய் விற்கும் சென்னம்மாள்தான் அவளுக்காக மென்று பார்ப்பாள். கூடப் பிறந்தவள் மாதிரிப் பழக்கம். பெருநாள் பிரியாணியில் முதல் தூக்குச்சட்டி சென்னம்மாள் வூட்டுக்குத்தான் போகும்.

எழுபதாம் வருசம் ஐப்பசி மழையோடு நோன்பு வந்தது. மொத்த வியாபாரி ராஜப்பன் தலை கிள்ளிய மூட்டையை இறக்கினான். மீனின் வயிறு கொஞ்சம் தடிப்போ என்று ஜான் பீக்குச் சந்தேகம். சென்னம்மாள் ஒன்றை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

“நெத்திலியேதாங்க அக்கா. தாராளமா வாங்குங்க.”

அந்த வார்த்தையை நம்பி, ஜான் பீ அன்றைக்கே மூட்டையை விற்றுத் தீர்த்தாள். அடுத்த சந்தையில், வருசக்கணக்கில் அவளிடமே வாங்கும் நஞ்சம்மாள் மிச்சப் பொட்டலத்தை எதிரில் விட்டெறிந்தாள். குழம்பு கசந்து சட்டியோடு கொட்டினாளாம். அவள் பின்னால் இன்னும் பலர். பாங்கு கேட்டுக் கஞ்சி குடித்ததும் ஜான் பீ அதில் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. சளி பிடித்த நாக்குக்குக்கூடத் தப்பாத கசப்பு.

மறுவாரம் சென்னம்மாள் எதிர்வரிசைக்கு மாறியிருந்தாள். மிளகாய் இல்லை. ராஜப்பன் இறக்கிய நெத்திலி, தலையோடு, பளபளவென்று குவிந்திருந்தது. ஜான் பீ நேரே போய் நின்றாள்.

“அன்னிக்குக் கசந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

சென்னம்மாள் தராசைத் துடைத்தபடியே சொன்னாள்: “கசந்துச்சுதாங்க அக்கா. எத்தன வருசந்தான் உங்களுக்காவ தின்னு பாத்துக்கிட்டே இருக்கறது? நானும் பொழைக்க வேணாமா?”

பிழைக்கட்டுமே. வாயைத் திறந்து கேட்டிருந்தால் பாதிக் கடையையே விட்டுக்கொடுத்திருப்பாள் ஜான் பீ. நோன்பு நாளில், நம்பிக் கேட்டவளைக் கழுத்தறுத்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

அன்று மத்தியானம் நஞ்சம்மாள் சென்னம்மாளிடம் வாங்கிய பொட்டலத்தோடு ஜான் பீயிடம் வந்தாள். உங்க கண்ணுக்குத் தப்பாது, நெத்திலிதானான்னு பாத்துச் சொல்லுங்க என்று பிரித்துக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் மூக்கு வாயைத் தாண்டி நீண்டிருந்தது. சாளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர்க்கடை அன்றோடு காலி. சொல்லிவிடலாம் என்றுதான் ஜான் பீக்கும் இருந்தது.

“நெத்திலிதாம்மா,” என்றாள்.

நஞ்சம்மாள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். ஜான் பீயின் மூட்டைப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.