ஒன்பதாயிரத்தில் தொடங்கும் வரிகள்

“பத்து… இருபது… முப்பது…” என்று முணுமுணுத்துக்கொண்டே மெழுகில் பல் பதித்துக்கொண்டிருப்பார். பதிப்பது என்னவோ ஒவ்வொரு பல்லாகத்தான், எண்ணுவது மட்டும் பத்துப் பத்தாக. வாய் அளவெடுத்த அச்சுகளை அடுக்கியிருக்கும் அலமாரியிலும் இதே கதைதான்: பத்தாம் நம்பர், இருபதாம் நம்பர், முப்பதாம் நம்பர். ஒரு பெரியவர் தன் அச்சு நானூற்றுப் பத்தாம் நம்பர் என்று தெரிந்ததும், “இவ்ளோ கூட்டமா உங்களுக்கு!” என்று வாயைப் பிளந்தார். அவர் நாற்பத்தொன்றாவது ஆள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால், “நடுவுல ஒண்ணு சேக்கணும்னா இடம் வேணும்ல டாக்டர்?” என்பார்.

என் கிளினிக்கின் பின்னறையில் பல்செட் செய்கிற பெண்மணி இவர். நான் பிடுங்குகிறவள், இவர் வைக்கிறவர். ஆகவே நல்ல பெயர் முழுக்க இவருக்கே போய்ச் சேர்கிறது. வயது ஐம்பதுக்குப் பக்கம். மூக்குக் கண்ணாடியில் எந்நேரமும் அச்சு வார்க்கும் மாவுத்தூள் படிந்திருக்கும். துடைக்கச் சொன்னால், “தெரியுது தெரியுது” என்று அதன் வழியாகவே பார்ப்பார்.

கிளினிக்கில் இவருக்குப் பெயர் “நாலு கே.” அதைச் சம்பாதித்துக்கொண்டவரும் இவரேதான். வரவேற்பறைக் கம்ப்யூட்டர் மருந்துச் சீட்டு அச்சடிக்க முக்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து இந்தப் பக்கம் வருவார். “இத்தாம் பெரிய மெமரிய வெச்சுக்கிட்டு ஒரு சீட்டுக்கு அஞ்சு நிமிஷமா? எங்க மெஷின் மொத்தமே நாலு கே.” நாலு கே என்றால் நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து. மனம் விட்டு எழுதினால் ஒரு கடிதத்துக்கே போதாது.

அந்த மெஷின், அவருடைய சின்ன வயதுக் கம்ப்யூட்டர், இன்னும் உயிரோடு இருக்கிறது, பின்னறை மேசையில். கைப்பெட்டியளவு கறுப்புப் பெட்டி. ரப்பர் விசைகளில் பாதிக்கு எழுத்து அழிந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பழைய டிவியோடும் டேப்ரெக்கார்டரோடும் அதை இணைப்பார். சூடாகிவிடும் என்பதால் அதன் தலையில் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர் ஏறும். பிறகு புரோகிராம் பதிந்த கேசட் ஓடும். காதில் ஆணியடிப்பது போன்ற அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாலு தடவையில் மூன்று தடவை புரோகிராம் ஏறாது. யாராவது கதவை அறைந்து சாத்தினால் நாலாவதும் ஏறாது. அந்தப் பழி எப்போதும் என் மேல்தான் விழும்.

வெளியூர் மாமா ஒருவர் கொண்டுவந்து கொடுத்த மெஷின் அது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, பாதி கிழிந்த ஒரு புத்தகம் மட்டும். ஐந்து வயது மூத்த அக்கா வரியைப் படிப்பார், பதினாலு வயதுத் தங்கையான இவர் அடிப்பார். “கமா… கமான்னு சொல்றேன்ல, செவிடு!” என்று குட்டு விழும். எழுத்தைச் சிக்கனம் பிடித்தே இருவரும் வளர்ந்திருக்கிறார்கள். “ஸ்கோர்னு முழுசா எழுத மாட்டோம் டாக்டர், எஸ் மட்டும்தான். நாலு எழுத்து மிச்சம்!” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்த்தால் நாலு ஏக்கர் வாங்கினவர் என்று நினைப்பீர்கள்.

மெஷினைப் பற்றிப் பேசுகிறாரா, அக்காவைப் பற்றிப் பேசுகிறாரா என்று வெகுநாள் எனக்குப் பிடிபடவில்லை. “இப்ப இருக்குற கம்ப்யூட்டர் எல்லாம் யாருக்கும் யாரும் தேவையில்லாம பண்ணிடுச்சு. அப்ப ரெண்டு பேர் வேணும்” என்று ஒருநாள் சொன்னார். அந்த அக்கா உயிரோடுதான் இருக்கிறார், மூன்று மணி நேரப் பயணத் தொலைவில். போன் செய்தால், “நல்லா இருக்கியா? சரி, வெச்சிடட்டுமா?” அவ்வளவுதான். விசேஷங்களுக்கு வந்தால் விருந்தாளி போலக் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஏன் என்று இவருக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் வந்ததில்லை.

அது போன மாதம் தெரிந்துவிட்டது.

புரோகிராமில் “ரெம்” என்று தொடங்கும் வரியை மெஷின் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் தங்களுக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. கடிதமோ நோட்டோ எதுவானாலும் பிரித்துப் பார்த்துவிடும் அப்பாவுக்கு அந்த மெஷின் மட்டும் புரியாது. ஆகவே அக்கா தங்கைக்கு எழுத வேண்டியதை எல்லாம் அங்கேதான் எழுதுவார், தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு. வரிகளுக்கும் பத்துப் பத்தாகத்தான் எண்; அக்காவின் குறிப்பு கடைசியில், ஒன்பதாயிரம் என்று எண் போட்ட வரியில் தொடங்கும். பெரும்பாலும் குறும்புதான்: “மூக்கு நோண்டாதே”, “என் ரிப்பனை எடுத்தவள் நாசமாய்ப் போக.”

இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள், மேலிருந்து விழும் நட்சத்திரங்களைக் கூடையில் பிடிப்பது. ஒரு புதன்கிழமை அக்கா கேசட்டைக் கையில் திணித்து, “பாத்துடு” என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் போனார். தங்கைக்கு நட்சத்திரங்களை வேகமாக விழவைக்க வேண்டும் என்று ஆசை. நாலு வரி சேர்த்ததும் இடமில்லை என்றது மெஷின். எதைக் கழிக்கலாம்? அக்காவின் குறும்பைத்தான். வரி எண்ணை மட்டும் அடித்து ரிடர்ன் தட்டினால் அந்த வரி அழிந்துவிடும், அதைத் திரையில் வரவழைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை. 9000, ரிடர்ன். 9010, ரிடர்ன். இப்படியே 9050 வரை. இடம் கிடைத்தது, நட்சத்திரம் பறந்தது. விளையாட்டைத் தன் கேசட்டில் பதிந்துகொண்டு, அழியாத வரிகளோடு இருந்த அக்காவின் கேசட்டை எங்கோ போட்டுவிட்டார்.

மறுநாள் அக்கா கேட்டாராம், “பாத்தியாடி?”

“பாத்தேன்க்கா, சூப்பர்!”

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அக்கா வீட்டில் இல்லை. விரும்பியவரோடு போய்விட்டார். அப்பா பேச்சை விட்டு, ஆறேழு வருடம் கழித்து ஒருவழியாகச் சமாதானமாகி, எல்லாம் முடிந்த கதை. இத்தனை வருடம் கழித்துப் பழைய வீட்டைக் காலி செய்தபோது அக்காவின் கையெழுத்தோடு அந்தக் கேசட் கிடைத்திருக்கிறது. ஏற்றிப் பார்க்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் கிளினிக்கில் ஒரு கதவையும் நாங்கள் தொடவில்லை. ஆறாம் நாள் ஏறியது. நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

“வெள்ளி காலைல ஆறு மணிக்குப் போறேன். பஸ் ஸ்டாண்டு. அப்பாகிட்ட சொல்லாதே. உன்னைப் பாக்காம போகப் பிடிக்கல. டாட்டா காட்டவாச்சும் வாடி.”

“அத்தான் ஒருதடவ சொன்னாரு டாக்டர்” என்று மெல்லச் சொன்னார். “அன்னிக்கு உங்கக்கா ரெண்டு பஸ்ஸ விட்டுட்டா, ஏன்னு கேட்டா சொல்லலன்னு. நான் சிரிச்சேன். சிரிச்சேன் டாக்டர்.” அன்றைக்கு அவர் பதித்த பல்செட்டில் ஒரு கடைவாய்ப்பல் தலைகீழாக இருந்தது. நான் அந்தப் பல்லைக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

போனில் சொல்லிவிடலாமே என்றேன். “‘சரி, வெச்சிடட்டுமா’ன்னுடுவா. அப்புறம் நான் எங்க போவேன்?” என்றார். கடைசியில், “எங்க டாக்டர் கை பூப்போல, ஆடுற பல்ல இங்க வந்து எடுத்துக்கோயேன்” என்று பொய்யும் மெய்யுமாகச் சொல்லி அக்காவை வரவழைத்தார். காலையிலிருந்தே மெஷினைத் தயாராக ஏற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்தார். நரைத்த தலை, அளந்து பேசும் ஆள். பல்லை எடுத்தேன். பஞ்சை வைத்து, “அரைமணி நேரம் இறுக்கிக் கடிச்சுக்கோங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது” என்றேன். எப்பேர்ப்பட்ட நேரத்தில் அந்தக் கட்டளையைப் போட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

தங்கை அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போய், மேசை முன்னால் இருந்த சின்ன நாற்காலியில் உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை. திரையில் அந்த ஆறு வரிகள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார். முகம் கல்லாக இருந்தது.

“நான் படிக்கலக்கா” என்றார் நம் நாலு கே. குரல் பதினாலு வயதுக்காரியுடையது. “சத்தியமா படிக்கல. சூப்பர்னு சொன்னது கேமைத்தான். நட்சத்திரத்துக்கு இடம் பத்தல… படிக்காமலே அழிச்சிட்டேன்க்கா. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன். செருப்புகூடப் போட்டிருக்க மாட்டேன்.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தேன், தொழில்புத்தி. அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் உட்காரவே சிறியதான அந்த நாற்காலியின் ஓரத்துக்கு மெல்ல நகர்ந்து, மீதிப் பாதியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.