அண்ணன் பெயர் இருந்த வரி

உயிரோடு இருக்கும் என் அண்ணனை நான் இறந்தவர்களோடு சேர்த்து எழுதினேன். கைதவறி அல்ல. கோபத்தில், தெரிந்தே எழுதினேன்.

கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றபின், பொழுது போக இணையப் பக்கங்கள் எழுதக் கற்றுக்கொண்டேன். குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறையில் தர்ப்பணம் செய்து வைக்கும் புரோகிதர் எனக்குப் பழக்கம். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், தங்கள் சார்பில் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லி அவரைக் கூப்பிட்டபடி இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு தளம் எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இறந்தவர் பெயர், இரண்டாவதில் எந்த அமாவாசை, கேட்பவர் யார், இறந்தவர் அவருக்கு என்ன முறை. மூன்றாவது பக்கம் எல்லாவற்றையும் காட்டி, சரிதானா என்று கேட்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பக்கத்தை அனுப்பியதும் சர்வர் அந்த ஆளை மறந்துவிடும். அவரே அடுத்த பக்கத்துக்கு வந்தாலும் அதற்கு அவர் புது ஆள். முதல் பக்கத்தில் தட்டிய பெயரை மூன்றாம் பக்கம் வரை நாம்தான் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்கு ‘செஷன்’ என்று வைப்பார்கள்: ஆளுக்கொரு அடையாளம் கொடுத்து, அவர் தந்ததைச் சர்வரில் கொஞ்ச நேரம் வைத்திருப்பது. நேரம் கடந்தால் அழிந்துவிடும்.

சோதித்துப் பார்க்கையில் ஒவ்வொரு தடவையும் பெயர் தட்டச் சலித்து ஒரு வரி எழுதினேன்: பெயர் வந்து சேராவிட்டால் இந்தப் பெயரை வைத்துக்கொள். யார் பெயரையும் போட்டிருக்கலாம். அம்மா என் வீட்டில் இறந்தபோது, வடக்கே வேலையில் இருந்த அண்ணன் வந்து சேரும்வரை நான் காத்திருக்கவில்லை. “முகத்தைக் காட்டாம எரிச்சிட்டியேலே” என்று தெருவில், சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. அண்ணன் பெயரைத் தட்டினேன். தளம் ஓடத் தொடங்கியபின் அந்த வரியை எடுக்க மறந்துபோனேன்.

ஆடி அமாவாசை காலையில் புரோகிதர் படித்துறையில் என்னை நிறுத்தினார். கையில் போன்.

“யாரு வே இந்த மனுஷன்? மூணு அமாவாசையா வாராரு. வேற வேற வீடு, ஆனா ஒரே அப்பா! லேசுப்பட்ட ஆளில்ல வே!”

வாங்கிப் பார்த்தேன். அண்ணன் பெயர்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா பெயரைத் தட்டிவிட்டு, எந்த அமாவாசை என்று வீட்டாரிடம் கேட்டுவரப் போனவர்களின் செஷன் அழிந்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை, அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

“அவங்க தப்பா அடிச்சிருப்பாங்க” என்றேன். பொய்.

“சரி, வந்தவரைப் பட்டினி போடப்படாது.” அவர் நீரில் இறங்கினார். தடுத்திருக்கலாம். போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறந்தவர்களுக்கு மட்டுமே விடுகிற விதமாக, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீர் வடிய, என் அண்ணன் பெயரைச் சொன்னார். ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கல்மண்டபத்தின் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூடக் கரையவில்லை.

அன்றே திருச்செந்தூர் ரயிலேறி, அண்ணன் ஓய்வு பெற்று வந்து குடியிருக்கும் ஆழ்வார்திருநகரியில் இறங்கினேன். “வாங்க தம்பி” என்று மதினி தண்ணீர் கொடுத்தார். அண்ணன் பக்கம் திரும்பி, “நீங்களும் ஒரு வாய் குடிங்க. காலையில இருந்து சொட்டுத் தண்ணி உள்ள போகல” என்றார். பிறகு என்னிடம், “அமாவாசை வந்தா இப்படித்தான் தம்பி. மூணு மாசமா.”

அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார். “தாகம் எடுக்கல. யாரோ குடுத்துக் குடிச்ச மாதிரி வயிறு நெறஞ்சு கெடக்கு.”

டம்ளரைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கேட்டார்: “அம்மாவுக்கு விடுத தண்ணியாவது அம்மாவுக்குப் போகுதாலே?”

ஊர் திரும்பி அந்த வரியை அழித்தேன். பெயர் வராவிட்டால் முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும்படி மாற்றினேன். புரோகிதரிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் அப்பாக்களுக்கு மறுபடி செய்ய வைத்தேன். ஒருவர் அப்பா பெயரை மட்டும் அனுப்பினார், மன்னிப்புக்குப் பதில் போடவில்லை.

அடுத்த அமாவாசை மதியம் அண்ணன் போனில் கூப்பிட்டார். அம்மா போனபின் முதல் தடவை.

“ஏலே, என்னத்தலே அழிச்ச? சொம்பு சொம்பா குடிக்கேன், தாகம் அடங்க மாட்டேங்கு.”

சிரிக்கிறாரா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். சிரிக்கவில்லை.

“வரட்டுமா அண்ணே?”

“வா. வரும்போது குறுக்குத்துறைத் தண்ணி கொண்டா.”

கொண்டு போனேன். நான் ஊற்ற, இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார். “போதும்” என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் போகிறேன். வேறு யார் கொடுத்தாலும் அவருக்கு அடங்குவதில்லை. சொம்பைச் சரிக்கும்போது, தண்ணீர் என் கட்டைவிரல் பக்கமாக வடிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்கிறேன்.