துவைக்காத சேலை

மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வீட்டில் இருந்த ஒரே இடைஞ்சல் நாய்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா போனபிறகு எங்களோடு சித்திரபுரம் பக்கத்து தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார். கொழுந்து மூட்டை லாரியில் ஏற்றும் வேலை. பேச்சு குறைவு. எமர்ஜென்சிக்கு முந்தின வருடம், மழையில் பாலத்துக்கடியில் கிடந்த நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர் வைக்கவில்லை. 'இந்தா' என்றால் வரும்.

அதை முன்னால் யார் என்ன செய்தார்களோ, தலையில் கம்பளி போட்ட ஆளைக் கண்டால் ஆகாது. வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு நடுங்கும். நடுங்கிக்கொண்டே போய்க் கடிக்கும். எங்கள் பக்கம் பாதி வருடம் மழை. கம்பளி போடாத ஆள் ஏது? கங்காணியைக் கடித்தது. தபால்காரர் ரோட்டிலேயே நின்று கூப்பிடுவார்.

அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "வர்ற பிள்ளை மேல பல்லு பட்டுச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? கல்யாணத்துக்குள்ள பழக்கு. இல்லேன்னா எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா."

மாமா பழக்கிப் பார்த்தார். வருகிறவர்கள் கம்பளியைக் கழற்றிவிட்டு, நாயைப் பார்க்காமல் வந்து உட்காரவேண்டும் என்றார். நாய்க்கு மரியாதை செய்யவேண்டுமாக்கும் என்று லயத்தில் சிரித்தார்கள். மழையில் யார் கம்பளியைக் கழற்றுவார்கள்? பிறகுதான் அவருக்குப் பெண் கட்டிய சேலையைக் கொண்டுவரும் யோசனை வந்தது. தாய் செத்த குட்டியை வேறு ஆட்டோடு சேர்க்க, அந்த ஆட்டின் பாலைக் குட்டி மேல் தடவிவிடுவார்கள். அது போல ஆளுக்கு முன்னால் வாசனை வந்து சேரட்டும் என்றார்.

பெண் மறையூர். தாயும் மகளும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் வேலை. கல்யாண ரவிக்கை தைக்க அளவு ரவிக்கை வாங்கிவர அம்மா போனாள். நானும் போனேன். அளவு ரவிக்கையைத் துவைத்து மடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். நான் அவளைத் தேடிக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அதற்குள் அத்தை என்றே கூப்பிடப் பழகியிருந்தேன்.

"அத்தை, மாமா உங்க பழைய சேலை ஒண்ணு கேட்டாங்க. நாய்க்கு."

"நாய்க்கா, உங்க மாமாவுக்கா?"

"நாய்க்குத்தான். துவைக்கக் கூடாதாம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முந்தின நாள் கட்டிய கத்தரிப்பூ நிறச் சேலையைச் சுருட்டி என் பைக்குள் வைத்தாள். தன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கூச்சமாக இருந்திருக்கும்.

சேலையை நாய் படுக்கிற சாக்கின் மேல் விரித்தோம். முதலில் உறுமிக்கொண்டு தள்ளி நின்றது. நான் அதில் உட்கார்ந்து சோறு தின்றேன். பக்கத்தில் வந்தது. பிறகு மூக்கை அதிலேயே புதைத்துத் தூங்கியது. வெல்லப் பாகும் புகையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. அம்மா பார்க்காதபோது நானும் தலைவைத்துப் படுப்பேன்.

ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். நல்ல மழை. அந்த அம்மா தலையில் கம்பளி. நாய் பாய்ந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். நாய் ஒரு முழம் தள்ளி நின்றது. மோந்தது. வாலை ஆட்டிக்கொண்டு அவர்கள் காலடியில் படுத்துவிட்டது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மதினி, உங்க மக சேலையில படுத்துப் படுத்தே பழகிருச்சு."

அந்த அம்மா உட்காரவில்லை.

"சேலை இங்கதான் இருக்கா. அதைக் கேக்கத்தான் வந்தோம். துவைக்காத சேலையை எதுக்குக் கேப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

கொட்டகைக்குப் பின்னால் நாங்கள் பேசியதைக் கேட்ட யாரோ, செய்வினை வைக்கக் கேட்டதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சத்தியம் செய்தாள். நாயின் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, நாய் அந்த அம்மாவின் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"கடிக்கிற நாயையே இப்படி மடக்கி வச்சிருக்கீங்க. எம்மகள விட்டு வைப்பீங்களா?"

அண்ணன் சேலையைக் கையால் தொடவில்லை. கம்பு நுனியில் தூக்கிக்கொண்டான். அளவு ரவிக்கையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாய் ரோடு வரைக்கும் அவர்கள் பின்னால் போய்விட்டு வந்தது.

மாமா வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். நாய்க்குச் சோறு வைத்தார். மறுநாள் மறையூர் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

அதன்பிறகு நாய் ஒருவரையும் கடிக்கவில்லை. கம்பளி போட்டவர், குடை பிடித்தவர், யார் வந்தாலும் கிட்டே போய் மோந்து பார்க்கும். பிறகு திரும்பிவந்து வெறும் சாக்கில் படுத்துக்கொள்ளும். மாமா கெட்டிக்காரர், நாயைப் பழக்கிவிட்டார் என்று லயத்தில் சொன்னார்கள். தபால்காரர் வாசல்வரை வர ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா சட்டையை மாற்றிக்கொண்டு, நாயைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவார். மூணாரிலிருந்து பஸ் வரும். மறையூர்க்காரர்களும் அதில்தான் வரவேண்டும். இறங்குகிற பெண்களின் சேலை ஓரத்தை நாய் மோந்து பார்க்கும். பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் மாமா நிற்பார். எதற்கு என்று யாராவது கேட்டால், "மனுசங்களோட பழகட்டும்" என்பார்.

நாய்தான் யாரையும் கடிப்பதில்லையே, இன்னும் எதற்குப் பழக்குகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா எனக்குச் சோறு போட்டாள். பசியில் நான் அதற்குமேல் கேட்கவில்லை.