ஷேப் ஒன்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, பால் காய்ச்சி, ஆறு மணிக்குக் காபி கலந்து, டம்ளரைச் சமையல் மேடையில் இரண்டு தடவை தட்டினேன். முன்னறையிலிருந்து கணவர் எழுந்து வந்தார். கூப்பிட்டால் அவர் காதில் விழாது, டம்ளர் சத்தம் மட்டும் விழும். அந்த அளவுக்காவது மிச்சமிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் பீரங்கிப் படையில் இருந்தவர். பீரங்கிப் பக்கத்திலேயே நின்று நின்று இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. ஓய்வுக்குப் பிறகு உப்பல் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் கேட் காவலுக்குப் போனார். பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் நடுவழியில் நின்றதால், போன மழைக்காலத்தில் அனுப்பிவிட்டார்கள். காது கேட்கவில்லை என்று ராணுவ மருத்துவர் எழுதினால்தான் ஊனமுற்றோருக்கான பென்ஷன் கிடைக்கும். அதற்கான பரிசோதனை அன்றைக்கு.

சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷும் போட்டுக் கிளம்பினார். ஆட்டோவில் அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, "கேக்கலைன்னா கேக்கலைன்னு இருங்க" என்றேன்.

"தெரியும்மா. நான் என்ன சின்னக் குழந்தையா?"

ராணுவ ஆஸ்பத்திரியில், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியன் கருவியை இயக்க, நான் பின்னால் நின்றேன். அவர் டக் டக்கென்று அழுத்தினார். வெளியே வந்ததும் கட்டை விரலை உயர்த்தி, "ஷேப் ஒன்!" என்றார். உடம்பில் ஒரு குறையும் இல்லாத சிப்பாய்க்குப் பட்டாளத்தில் அப்படித்தான் பெயர்.

மருத்துவர் இளம்பெண். தாளைப் பார்த்துவிட்டு இந்தியில் என்னிடம் கேட்டார்: "ஃபைல்ல காது கேக்காதுன்னு இருக்கு. மெஷின்ல எல்லாம் நார்மல். எதும்மா நாடகம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்வீஸில் இருந்தபோது வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு. காது போனது தெரிந்தால் பிரமோஷன் நின்றுவிடும். அதனால் காது மந்தமானவர்கள் டெக்னீஷியனின் முழங்கையையே பார்த்திருந்து, அது அசையும்போதெல்லாம் அழுத்துவார்களாம். லீவில் வந்தபோது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"மேடம், அவரு டெக்னீஷியன் கையப் பாத்து அழுத்துறாரு. சுவத்தப் பாக்க உக்கார வைங்க" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். அவர் முதுகும், பொத்தான்மேல் தயாராக இருந்த கட்டை விரலும் தெரிந்தன. டெக்னீஷியன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். விரல் அசையவில்லை. எல்லாம் முடிந்து கதவைத் திறந்தபோது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஷுரூ கீஜியே சாப், ரெடி" என்றார், ஆரம்பிக்கச் சொல்லி.

"முடிஞ்சிருச்சு அங்கிள்" என்றார் டெக்னீஷியன்.

உதட்டசைவில் அது புரிந்திருக்கவேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் பழைய தாளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். நாங்கள் வேண்டிப் போனது அதுதான்.

திரும்பும்போது ஆட்டோவில், "காட்டிக் குடுத்துட்டியேம்மா" என்றார். "வேணும்னு செய்யலை. கை தானா அழுத்திடுச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிஜமாவே சத்தம் வச்சாங்களா?"

"வச்சாங்க."

"கடைசி வரைக்குமா?"

தலையாட்டினேன். அவர் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் காபி கலந்ததும், டம்ளரைத் தட்டாமல் முன்னறைக்கு எடுத்துப் போனேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன முள் ஆறைத் தொட்டதும், டம்ளர் சத்தம் கேட்டவர்போல எழுந்தார். முகத்துக்கு நேரே போய் நின்று, "காபி" என்றேன்.