அண்ணி குடித்த பொடி

ஒரு நாளிதழுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து சுகாதாரச் செய்திகள் எழுதுகிறேன். ஒரு நாள் சென்னையிலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். மாகறல் பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் கொடுக்கும் பொடியால் சர்க்கரை நோய் போயே போய்விட்டது என்று ஒருவர் பேசும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. "உண்மையா, புரட்டா? ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்.

அந்தப் பொடி எனக்குப் புதிதல்ல. சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் என் அண்ணி அதைத்தான் சில மாதங்களாக மோரில் கலக்கிக் குடித்துவந்தார். அவருக்குச் சர்க்கரை இறங்கியும் இருந்தது. யார் பக்கமும் சாயாமல் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே மனது வைத்தியர் பக்கம் போய்விட்டது.

வைத்தியரைப் பார்த்தபோது குழப்பம் தொடங்கியது. ஏமாற்றுக்காரர் என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் பொறுமையாகப் பேசினார்.

"டாக்டர் குடுத்த மாத்திரையை விடச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குமா சொல்லப்போறேன்? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

"பொடியில என்னென்ன சேருது?"

சிரித்தார். "எங்க அப்பா சொல்லிக் குடுத்த கைமுறைமா. அத மட்டும் கேக்காத."

மறுநாள் நகரத்தில் சர்க்கரை நோய் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனேன். "முதல்ல இவரைப் பாருங்க" என்று வார்டுக்கு அழைத்துப்போனார். கட்டிலில் ஒரு பட்டு நெசவாளி. தறியில் மிதிக்கும் காலில் கட்டு. சர்க்கரையால் கால் மரத்திருந்ததால் ஏதோ குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. புண் முற்றி ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அவரும் அதே பொடியைத்தான் சாப்பிட்டிருந்தார். மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

"வைத்தியர் நிறுத்தச் சொன்னாரா?"

"இல்லமா, அவரு பாவம். எனக்கு ஒடம்பு லேசா இருந்திச்சி. வீடியோல ஒருத்தரு மாத்திரைய தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. நானும் விட்டுட்டேன்."

"பொடி மேல கோபம் இல்லையா?"

"பொடி என்னாமா பண்ணும்? அது நல்ல பொடிதான்."

வெளியே வந்ததும் டாக்டர், "விஷம்னு எழுதுங்க" என்றார்.

"விஷமா டாக்டர்?"

"தெரியாது. அதுல என்ன இருக்குன்னே தெரியாது. இங்கிலீஷ் மாத்திரையைப் பொடிச்சுக் கலந்திருந்தாலும் ஆச்சரியமில்ல."

"கலந்திருக்காங்களா?"

"அதுவும் தெரியாது."

அண்ணியிடம் கொஞ்சம் பொடி வாங்கிக்கொண்டு ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். ரத்தம் என்றால் பார்ப்போம், பொடியெல்லாம் இங்கே பார்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து அண்ணியையே துருவினேன். பொடி ஆரம்பித்த அதே மாதம் ராத்திரிச் சோற்றையும் விட்டிருக்கிறார். காலையில் பெருமாள் கோயில் மாடவீதியைச் சுற்றி நடக்கவும் தொடங்கியிருக்கிறார். மாத்திரையையும் விடவில்லை.

"அப்போ எதனால அண்ணி இறங்குச்சு?"

"எல்லாத்தையும்தான் செஞ்சேன். எதுன்னு நான் எப்டிமா சொல்றது?" என்றார்.

பலமுறை எழுதி அழித்தேன். நெசவாளியின் காலை நினைத்தால் புரட்டு என்று எழுதத் தோன்றியது. நல்ல பொடிதான் என்று அவரே சொன்னதை நினைத்தால் கை நின்றது. கடைசியில், மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து என்பதை முதல் வரியில் வைத்தேன். பொடியால்தான் சர்க்கரை இறங்கியது என்பதற்கு ஆதாரம் இல்லை, அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை என்று அடுத்து எழுதினேன். வைத்தியரும் டாக்டரும் சொன்னதை அவரவர் சொன்னபடியே கொடுத்தேன்.

"படிக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்காதா?" என்றார் ஆசிரியர்.

"எனக்கே குழப்பமாத்தான் இருக்கு சார். தெரிஞ்சத மட்டும் எழுதியிருக்கேன். ஆமான்னோ இல்லைன்னோ அதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்."

முதல் பக்கத்துக்கு நினைத்திருந்த செய்தி உள்பக்கத்துக்குப் போனது. வைத்தியருக்கு விளம்பரம் கொடுத்துவிட்டேன் என்று டாக்டர் வருத்தப்பட்டார். பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று வைத்தியரின் மகன் போனில் சத்தம் போட்டார். டீக்கடையில் ஒருவர், "பேப்பர்லயே வந்துக்கிது, நல்ல பொடியாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வரியைப் படித்தீர்களா என்று கேட்டேன். படித்தேன் என்றார்.

வார்டில் பார்த்த நெசவாளி புண் ஆறி வீட்டுக்குப் போனார். போய்ப் பார்த்தேன். மாத்திரை டப்பாவைக் காட்டி, "இத இனிமே விடமாட்டேம்மா" என்றார். பொடியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அண்ணியை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். நடையும் மாத்திரையும் இருக்கட்டும், பொடி வேண்டாம் என்றார். அண்ணி நிஜமாகவே நிறுத்தினார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம் வந்திருந்தது. பாயசம், லட்டு, அதிரசம் எல்லாம் சாப்பிட்டிருக்கிறார். மழை என்று நடக்கவும் போகவில்லை.

பரிசோதனைச் சீட்டை என்னிடம் நீட்டி, "இது பொடிய வுட்டதாலயா, அதிரசம் துன்னதாலயா?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணி" என்றேன்.