நான் அழித்த திருஷ்டிப் பொட்டு

வெயிலில் பிள்ளைகளைப் படமெடுக்கும் தொழிலில், ‘ஆடாதே, அசையாதே’ என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போய்விடும். பிள்ளை பெற்றவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்புத் துணிக்குள்

காமிராப் பெட்டியின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். வைகை மணலில் பரவை ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை நிறுத்திவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பக்கத்தில் இன்னொரு தலை! நாலு வயசுப் பெண், வரிசையிலிருந்து நழுவி வந்திருக்கிறாள். கண்ணாடியைப் பார்த்தவள் அலறிக்கொண்டு வெளியே ஓடி, அண்ணன்காரன் காலை இறுகக் கட்டிக்கொண்டாள்.

“விழுந்துறாதண்ணே, நான் பிடிச்சிருக்கேன்!”

வெறுங்கன்னம்

சண்டைக் காலம். உசிலம்பட்டிச் சந்தைக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், செல்லத்தாய் தன் பத்து மாதப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். புருஷன் பட்டாளத்தில். பிள்ளை பிறக்கும் முன்பே போனவர், இன்னும் முகம் பார்க்கவில்லை. லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவர் அடுத்த வாரம் திரும்புகிறார், அவர் கையில் படத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

பையன் கன்னத்தில் காலணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு. அழகான முகத்தில் இது எதற்கு என்று, மதுரைக்கு வந்ததும் நெகடிவில் பென்சில் ஓட்டி, பொட்டை மறைத்துவிட்டேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன், என்னத்தைச் சொல்ல!

அடுத்த சந்தையன்று படத்தைப் பார்த்தவள் முகம் சுண்டிப்போனது. “பொட்டு எங்கண்ணே? அம்புட்டுப் பேரு கண்ணு படுற எடத்துக்கு எம்புள்ளைய வெறுங்கன்னத்தோடவா அனுப்புறது?”

மறுபடி பிரிண்டு போட நேரமில்லை, ஊர்க்காரருக்கு அன்று சாயங்காலம் ரயில். அவளோ, இடுப்பில் இருந்த பிள்ளையின் கன்னத்து மையை விரலால் தொட்டு, படத்தின் கன்னத்தில் அழுத்தி வைத்தாள். ரேகையோடு பதிந்தது.

“இப்பத்தாண்ணே இது எம்புள்ள.”

மூன்று பேர்

சண்டை முடிந்து செல்லத்தாயின் புருஷன் வந்துவிட்டார். மூவரும் அதே வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். பையனுக்கு மூன்று வயசு முடிந்திருந்தது. அப்பா தூக்கினால் வீறிட்டு அழுதான், இறக்கிவிட்டால் அம்மா சேலைக்குள் ஒளிந்தான். வந்து ஒன்பது நாளாகியும் இப்படித்தானாம். பட்டாளத்துக்காரர் பையிலிருந்து என் பழைய படத்தை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் நைந்து, பொட்டு இருந்த இடம் வெளுத்திருந்தது.

“தெனமும் தொட்டுத் தொட்டுப் பாத்ததுல மை போயிருச்சுண்ணே. புள்ள எங்கிட்ட வரமாட்டேங்குது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கக் கறுப்புத் துணி இருந்ததோ, பிழைத்தேன்.

படத்துக்கு முன்னால் வழக்கம்போலச் செல்லத்தாய் மகன் கன்னத்தில் மை வைத்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான், தள்ளி நின்ற மனிதரைப் பார்த்தான். பிறகு அவள் மை விரலைப் பிடித்து, அவர் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“அப்பாவுக்கும் வையி ஆத்தா.”

அந்த நெகடிவில் அப்பா, மகன் இருவர் கன்னத்திலும் பொட்டு இருந்தது, என் பென்சிலுக்கோ அன்றைக்குப் பூரண விடுமுறை.