ஆர்லோவின் பூட்ஸ்

வெர்னாவுக்குப் புருஷன் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு ஜோடி பூட்ஸ்தான்.

நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. வீட்டை விற்றுவிட்டு, உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள ஒரு பழைய கேரவன் வண்டியை வாங்கினாள். குளிர்காலம் முழுக்க அரிசோனா, நியூ மெக்சிகோ என்று பாலைவனத்திலேயே சுற்றுவாள். கல்லாகிப்போன மரம், ஆளில்லாத சுரங்க ஊர், பாறையில் கீறிய படம் எதையும் விடமாட்டாள்.

தனியாகச் சுற்றும் பெண்கள் எங்கள் பக்கம் ஒரு தந்திரம் செய்வார்கள். வண்டிப் படியருகே பெரிய ஆம்பளை பூட்ஸ் ஒரு ஜோடியை வைத்து, இரண்டு நாற்காலி போட்டுவிடுவார்கள். உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்று கண்டவனும் ஒதுங்கிப் போவான். வெர்னா அதோடு நிற்கவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய அந்தப் பூட்ஸுக்கு ஆர்லோ என்று பேர் வைத்தாள். தினமும் கொஞ்சம் மண்ணைத் தூவித் திருப்பி வைப்பாள். "ஆர்லோ, காபி ஆறுது பாரு!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். நானும் என் வீட்டுக்காரர் டுவேனும் அவள் வண்டியை நிறுத்தியிருந்த முகாமைப் பார்த்துக்கொள்கிறவர்கள். கழிப்பறை கழுவுவோம், அதற்குப் பதிலாக வாடகையில்லாமல் தங்கிக்கொள்வோம். பச்சை மிளகாய்க் குழம்பு வைத்தால் இரண்டு கிண்ணத்தில் வெர்னாவுக்கும் ஆர்லோவுக்கும் கொண்டுபோவேன். இரண்டும் வழித்துத் துடைத்துத் திரும்பி வரும்.

"பொண்டாட்டி அந்தக் கத்து கத்துறா, மனுஷன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசறாரா பாரு" என்றேன் டுவேனிடம். "அப்படி ஒண்ணு எனக்கு வாய்ச்சிருக்கக் கூடாதா?"

"நேத்து அவரைப் பார்த்தேனே. ஜன்னலோரம் உக்காந்து சுருட்டுப் பிடிச்சிட்டிருந்தார். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன்" என்றார் டுவேன்.

அன்று அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், மலைப்பிளவுக்குள் பழங்குடிகள் கட்டிவிட்டுப் போன கல்வீடுகளைப் பார்க்க வெர்னா தனியாகப் போனாள். திரும்பும்போது சறுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்துவிட்டது. அங்கே போன் எடுக்காது. பகலில் சட்டை போதும், இருட்டிய பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீரே உறையும். விடியும்வரை அங்கே கிடந்தால் பிணம்தான்.

தனியாக வந்த ஆள் பொழுது சாய்ந்தும் திரும்பாவிட்டால் நாங்கள் தேடிப் போவோம். ஜோடியாக வந்தவர்கள் என்றால் கவலையில்லை, மற்றவர் வந்து சொல்வார். மூடிய கதவைத் தட்டுவது எங்கள் முகாம்களில் மரியாதையும் இல்லை. அன்று சாயங்காலமும் முகாமைச் சுற்றி வந்தேன். வெர்னாவின் வண்டி வாசலில் இரண்டு நாற்காலி இருந்தது, பூட்ஸ் இருந்தது. சரிதான் என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன். அங்கே பாறையடியில் வெர்னாவும் இதையேதான் நினைத்துக் கிடந்தாளாம். பூட்ஸைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். தன் தந்திரமே தனக்குக் குழி தோண்டிவிட்டது என்று அழுதாளாம்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம். டுவேன் விறகு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர்லோ இப்பத்தான் பள்ளத்துப் பக்கம் போறார். கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கலை" என்றார்.

"இந்த நேரத்திலயா? கிழவனுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். படியருகே பூட்ஸ் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. விழுந்து வைத்தால் யார் தூக்குவது? பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று டார்ச்சோடு கிளம்பினேன். டுவேனையும் இழுத்துக்கொண்டேன்.

காய்ந்த ஓடை மணலில் தடம் தெளிவாக இருந்தது. இடது குதிகாலை இழுத்து இழுத்து நடந்திருந்தது. "ஆர்லோ! நில்லுங்க!" என்று கத்தினேன். என் குரலே பாறையில் மோதித் திரும்பி வந்தது. வளைவு தாண்டியதும் வேறொரு குரல் கேட்டது.

"யாரது? நான் இங்க இருக்கேன்!"

வெர்னா உதடு நீலமாகிக் கிடந்தாள். டுவேன் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, ஆள் கூட்டிவர ஓடினார். நான் அவள் கையைத் தேய்த்தபடி கேட்டேன்.

"வெர்னாக்கா, உங்க வீட்டுக்காரர் எங்க? உங்களைத் தேடித்தானே வந்தார்?"

"யாருடி?"

"ஆர்லோ. அவர் தடத்தைப் பிடிச்சுத்தான் வந்தோம்."

"அப்படி ஒருத்தனே கிடையாதுடி" என்றாள். பிறகு பூட்ஸ் கதை முழுவதையும் சொன்னாள்.

டார்ச்சைக் கீழே அடித்தேன். தடம் அவள் தலைமாடு வரை வந்திருந்தது. அங்கே ரொம்ப நேரம் நின்ற மாதிரி இரண்டு குதிகாலும் ஆழப் பதிந்திருந்தன. அதற்கப்பால் மணல் துடைத்த மாதிரிக் கிடந்தது. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. ஆட்கள் வரும்வரை அவள் கையை நான் விடவில்லை. அவளுக்காக இல்லை, என் பயத்துக்காக.

அவளை ஸ்ட்ரெச்சரில் முகாமுக்குக் கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸ் அவள் கேரவன் பக்கத்தில்தான் நின்றது. படியருகே பூட்ஸ் பழைய இடத்திலேயே இருந்தது, ஓடை மணலோடு.

"இந்தச் சனியனைத் தூக்கி எறிஞ்சுடட்டுமாக்கா?" என்றேன்.

வெர்னா தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஐயோ, எறியாதே. உள்ள கொண்டுபோய் வைடி. இத்தனை நாள் வெளியவே நிறுத்திட்டேன், பாவம்" என்றாள்.

எடுத்தேன். இப்போதுதான் யாரோ காலை உருவியது போல உள்ளே கதகதவென்று இருந்தது.